மல்லாக்க மார்க்கு

“கொஞ்சம் நிறுத்துங்க தம்பி! இந்த லைட்டு நேரா கண்ணுல குத்துது. எழுதிக்கோம்மா.”

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் உத்தரவு போட, கூடவே நடந்து வந்த அவர் மனைவி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வண்டியைத் தள்ளிவந்த ஸ்ட்ரெச்சர்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. படுத்திருப்பவர், கட்டடங்களின் வடிவமைப்புக்கு மதிப்பெண் போடும் அதிகாரி. ஆஸ்பத்திரி என்றால் நோயாளி உடுப்பை மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரில் ஒரு சுற்று வந்துதான் மார்க் போடுவார். “நின்னு பாத்தா கட்டடம் தெரியாது, படுத்துப் பாக்கணும்” என்பார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மல்லாக்க மார்க்கு’.

போன முறை அவர் சொன்ன பிறகுதான் சாய்தளம் சரியானது. லிஃப்ட் வாசல் மட்டும் விட்டுப்போயிற்று. அங்கே இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு மேடு. ஒவ்வொரு முறையும் வண்டி தூக்கிப் போட, தையல் போட்டவர்கள் அலறுவதைக் கேட்டு ஸ்ட்ரெச்சர்காரருக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு எப்படியாவது அதை நோட்டில் ஏற்றிவிட வேண்டும்.

“உங்க அசிஸ்டென்ட் எங்க சார்? வீட்டம்மாவையே வேலைக்கு வச்சுட்டீங்களா?”

“அவன் என் பேச்சைக் கேக்கிறதில்ல. இவளும் கேக்க மாட்டா. ஆனா எழுதுவா.”

“நடந்துக்கிட்டே எழுதுறது எவ்வளவு கஷ்டம்? கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க” என்றாள் மனைவி.

“எழுத்து கோணுது பாரு. நேரா எழுது.”

லிஃப்ட் வந்தது. ஸ்ட்ரெச்சர்காரர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினார். தடால்!

“அம்மாடி!” என்று அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா சார்? இதைத்தான் ரெண்டு வருஷமா கரடியாக் கத்துறேன்!”

“எழுதிக்கோ. பெருசா எழுதி, கீழ ரெண்டு கோடு போடு.”

ஸ்ட்ரெச்சர்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வண்டி நின்றது. நர்ஸ் வெளியே வந்து, அதிகாரியின் கையில் கட்டியிருந்த சீட்டைப் படித்துச் சரிபார்த்தாள்.

“காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலையே சார்? டாக்டர் ரெடி. அம்மா, ஆபரேஷன் முடிய நாலு மணி நேரமாகும். நீங்க இங்கேயே இருங்க.”

ஸ்ட்ரெச்சர்காரர் வண்டியின் பிடியை விட்டுவிட்டு முன்னால் வந்தார். “சார்... அப்ப இது... நான் வேணும்னே தூக்கிப் போட்டேனே!”

“நல்லதாப் போச்சு தம்பி. இன்னிக்குத்தான் சரியான மார்க் போட முடியும்.”

சிரித்தபடியே மனைவியை அருகில் அழைத்து, காதில் ஏதோ சொன்னார். நர்ஸ் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு மூடியது.

ஸ்ட்ரெச்சர்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாளோ இன்னும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“மன்னிச்சிடுங்கம்மா, தெரியாமப் போச்சு. உக்காருங்க. இனிமே எழுத என்னம்மா இருக்கு?”

“கதவு உள்ள போறப்ப நல்லாத்தான் திறந்துச்சு” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வெளிய வர்றப்ப எப்படித் திறக்குதுன்னு இங்கேயே இருந்து பாத்து எழுதச் சொல்லியிருக்கார்.”