தொப்பிக் குரங்கின் வால்

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேலே!" காப்பிக் கடை வாசலில் நின்று கத்தினான் குற்றாலிங்கம்.

ஆற்றிக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தான் கடைக்காரப் பரீது. "என்ன மாப்ள சொல்லுத?"

"சத்திரத்துச் சுவத்துல நீ வரைஞ்சு வச்சிருக்க குரங்கைப் பாத்துட்டுத்தாம்ல வாரேன்!"

ஆகஸ்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. குற்றாலிங்கத்துக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. ஆனால் மனசெல்லாம் அடுப்புக்கரியில்தான். விடியும் முன்னே ஏதாவது ஒரு சுவரில் போலீஸ் தொப்பி போட்ட குரங்கு ஒன்றை வரைந்துவிடுவான். ஒரு நாள் அது வெள்ளைக்காரத் துரைக்குப் பேன் பார்க்கும். மறுநாள் துரையின் செருப்பைத் தலையில் சுமக்கும்.

குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள்கூட முதலில் தொப்பிக் குரங்கைப் பார்த்துவிட்டுத்தான் அருவிக்குப் போனார்கள். வரைகிறவன் பிடிபட்டால் ஆறு மாதம் ஜெயில் நிச்சயம். அவன் யாரென்று கரி கொடுத்த பரீது ஒருவனுக்குத்தான் தெரியும்.

இப்போது மூன்று நாளாகச் சத்திரத்துச் சுவரில் வேறொரு கை விளையாடியிருந்தது. தொப்பி மட்டும் அச்சு அசல். வில்லை, தோல்வார், பித்தான் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. வால்தான் நாய்வாலாகச் சுருண்டு கிடந்தது. அதையும் பார்த்து ஊர் சிரித்ததைத்தான் குற்றாலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

"அல்லா மேல ஆணையா நான் தொடல மாப்ள. எனக்கு ஒரு கோடு நேராப் போட வருமா?"

"அதாம்ல வால் அந்த லட்சணத்துல இருக்கு! உன்ன நம்புனேம் பாரு, என்னச் சொல்லணும். இனி உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன்."

பரீதின் கண் கலங்கிவிட்டது. அதையும் நடிப்பு என்றே நினைத்தான் குற்றாலிங்கம். அடுப்போரம் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சத்திரத்துக்கு நடந்தான்.

சுவர்முன்னே உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக நின்றிருந்தார் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி. வாசுதேவநல்லூரில் வயல்காடு உள்ளவராம், அருவி சீசனுக்கு வந்திருக்கிறாராம். நேற்றுக்கூட அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தான்.

"ஜோரான குரங்கு, என்ன தம்பி? பழசெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது."

குற்றாலிங்கத்துக்கு உச்சந்தலை சூடேறியது. "இதுவா அண்ணாச்சி குரங்கு? வாலைப் பாரும்! சுவரு மேல உக்காந்த குரங்குக்கு வால் நீளமாத் தொங்கும்லா?"

"எனக்கு ஒரு கொறையும் தெரியலயே."

அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தான். அண்ணாச்சியைத் தவிர ஈ காக்கை இல்லை. நாய்வாலை உள்ளங்கையால் அழித்துவிட்டு, கரியைச் சுவரைவிட்டு எடுக்காமல் ஒரே இழுப்பில் நீளமாக ஒரு வாலைத் தொங்கவிட்டான். குரங்குக்கு உயிர் வந்துவிட்டது.

அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தார். பிறகு கை எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கரி பிடித்திருந்த அவன் கையை மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்தார்.

"மூணு நாளா நானும் வரைஞ்சு பாக்கேன், இந்த வால் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்கு... நடலே ஸ்டேஷனுக்கு!"