நீலப் புள்ளி

“வீட்டுல துளி சந்தேகம்கூட வரக்கூடாது,” என்றார் டிரைவர்.

செல்போன் கடைக்காரர் சிரிப்பை மீசைக்குள் மடித்துக்கொண்டார். இந்த வயதிலுமா என்று வாய் கேட்கவில்லை. கண் கேட்டது.

டிரைவர் கொண்டுவந்த பழைய லேப்டாப்பில் ஜிபிஎஸ் எமுலேட்டரை ஏற்றி, அவர் நீட்டிய போனைக் கேபிளில் சொருகினார். இனி போன் மேசையிலேயே கிடக்கும். ஆனால் திரையில் நகரும் நீலப் புள்ளி எங்கே போகிறதோ, அங்கே தானும் போவதாக நம்பும்.

“முதல்ல வர்றது சாம்பிள் மேப் சார். பழகிப் பாக்கறதுக்கு.”

திரையில் ஏதோ ஒரு தீவு. துறைமுகம், கலங்கரை விளக்கம், வளைந்து வளைந்து ஒரு கடற்கரைச் சாலை.

“மறந்துபோய் இதை ஓட்டிடாதீங்க. கடலுக்கு நடுவுல இருக்கீங்கன்னு வீட்டம்மாவுக்குக் காட்டிக் குடுத்துடும். அப்புறம் உங்களைக் காப்பாத்த என்னால ஆகாது.”

“நம்ம ரோடு வேணும்.”

அதற்கு கஸ்டம் மேப் தனியாகப் போட வேண்டும், எங்கிருந்து எங்கே என்று சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். முட்டுச்சந்து மாடி அறையிலிருந்து புறப்பாடு. பெட்ரோல் பங்க் திருப்பத்தில் வேகம் குறைய வேண்டும். பள்ளிக்கூட வாசலில் நின்று போக வேண்டும். பாலம் ஏறி இறங்கினால் கூரியர் கிடங்கு. பாலத்தைச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“என்ன வேகம் வெக்கட்டும்?”

“பைக் வேகம். கொஞ்சம் முரட்டுத்தனமா.”

“சார் பலே ஆளுதான்.”

கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் போனை டிரைவர் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்தார். அது அவருடையது அல்ல. மகனுடையது. போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வந்தது.

மகனுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் பேச்சு தடித்துவிட்டது. இந்த வாசற்படியை மிதிக்காதே என்றாள் அவள். மிதிக்க மாட்டேன் என்றான் அவன். பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

ஆனால் கிளம்பும்போது அவள் போனை எடுத்து, தான் இருக்குமிடம் அதில் எப்போதும் தெரிகிற மாதிரி அவனே செய்துவைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். “துரை இப்பதான் கிளம்பறாரு,” என்பாள் சுவரைப் பார்த்து. புள்ளி வேகமாக ஓடினால், “மெதுவா போயேண்டா,” என்பாள்.

இதய ஆபரேஷன் அன்றும் போன் அவள் கையில்தான் இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கணவரிடம் கொடுத்தாள்.

“ரொம்ப நேரமா பாலத்துலயே நிக்கிறான்.”

டிராஃபிக்காக இருக்கும் என்றார் டிரைவர். அவருக்கும் அப்போது தெரியாது. தியேட்டர் கதவு மூடிய பிறகுதான் போலீஸ்காரர் கூப்பிட்டார். லாரி. பாலத்தின் நடுவில்.

அவள் ஐசியூவில் இருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. சின்ன அதிர்ச்சிகூட இந்த இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அவள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காதது வழக்கம்தான். வீடு வந்ததும் தன் போனை மட்டும் கேட்டாள். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி நாளைக் கடத்தினார். இனியும் கடத்த முடியாது என்றானபோது கடைக்காரரைத் தேடிப் போனார்.

மறுநாளிலிருந்து மகன் வேலைக்குப் போனான்.

காலையில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு டிரைவர் லேப்டாப் முன் உட்காருவார். முன்னறைக் கட்டிலில் அவள் போனோடு படுத்திருப்பாள். மாடி அறை, பங்க் திருப்பம், பள்ளிக்கூட வாசல். பாலம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருஷ ஓட்டத்தில் நடுங்காத கை, புள்ளி பாலத்தைத் தாண்டும்வரை நடுங்கும். முன்னறையிலிருந்து ஒரு வசவும் வராது. உடம்பு தேறினால் அதுவும் வரும் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் தப்பு நடந்தது. கஸ்டம் மேப்பை ஏற்ற மறந்து ஓட்டிவிட்டார். மகன் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பதறி முன்னறைக்கு ஓடினார். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், “சிக்னல் கோளாறா இருக்கும். நீங்க போய்க் காபியக் குடிங்க,” என்றாள். டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று மாலை மாத்திரையும் தண்ணீருமாக வந்தபோது போன் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது. டம்ளர் தளும்பி விரிப்பு நனைந்தது. கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று கேட்டாள். வயசாகிவிட்டது இல்லையா என்றார்.

அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கும்வரை விடவில்லை.

“நாளையிலேர்ந்து அவனைப் பாலத்து வழியா கூட்டிட்டுப் போகாதீங்க.”