பழைய துணி

காரின் நிழலில் படுத்திருந்த கிழநாய் பப்லு அதனிடம் கேட்டது: "காலையில் எங்கே போயிருந்தாய்?"

"சர்வீசுக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவேனே! கோளாறு ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது என்றார் நம் ஐயா."

"எனக்குத் தாகமே அடங்கவில்லை. படியேறவும் முடியவில்லை."

"வாயைத் திறந்து சொல்லு, கிழவா! நான் லேசாகக் கிறீச்சிட்டாலே பதறிவிடுவார்."

"முனகிப் பார்த்தேன். 'வயசாச்சுல்ல, அடங்கிட்டான்' என்று தட்டிக்கொடுத்தார். டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை."

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் பப்லு எழவில்லை. ஐயா அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காரின் கதவைத் திறந்தார்.

"சீக்கிரம் படுக்க வையுங்கள்!" என்றது கார்.

ஐயா பப்லுவைத் தரையில் கிடத்திவிட்டு, சீட் அழுக்காகாமலிருக்க விரிப்பதற்குப் பழைய துணி தேடி உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது, அதைப் பப்லுவின் மேல் போர்த்தத்தான் வேண்டியிருந்தது.