பதினோராவது ஸ்லைடு

அக்காவின் முதுகிலிருந்து எடுத்த கட்டி, நான் வேலை பார்க்கும் லேபில் என் மேசைக்கே வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு என் எலும்பு மஜ்ஜையை ஏற்றி, அவள் தேறி இரண்டு வருடம் ஆகிறது.

"மஜ்ஜை சுத்தமாத்தான் இருக்கு. புற்று செல்லுங்கதான் வெளிய வந்து சதையில குடித்தனம் வச்சிருக்கு," என்றார் டாக்டர்.

இந்த வகைக் கட்டியை வெட்டினால் உள்ளே பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் மங்கிவிடும். இதுவும் மங்கியது. வழக்கப்படி பத்து லேபிளை முதலில் எழுதிவைத்து, கட்டியை மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பத்து கண்ணாடி ஸ்லைடு போட்டேன். தட்டில் பதினொன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

கடைசி ஸ்லைடில் பச்சை மங்கவே இல்லை. லேபிளில் இருந்தது என் கையெழுத்து. ஆனால் 'முதுகு' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'வலது தோள்' என்றிருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வலது தோள்ல ஏதாவது தட்டுப்படுதாக்கா?"

"தடவிப் பாத்துட்டேன்டா, ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

போன உயிர் திரும்பி வந்தது. அந்த லேபிளை உரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், போனை எப்போதும்போல் காதுக்கும் வலது தோளுக்கும் நடுவே இடுக்கினேன்.

"லைன்ல இருக்கியாடா?" என்றாள் அக்கா.

போன் தோளில் உட்காரவில்லை. சட்டைக்கு அடியில் ஏதோ மேடாக இருந்தது.