விளிம்பில் பிடிக்கணும்

டேட்டன் நகரின் நாணயக் கடையில், டோரீன் கொண்டுவந்த அவள் கணவரின் நாணயத்தைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் லைல் லென்ஸைக் கீழே வைத்தார்.

“பழைய வெள்ளி டாலர்தாம்மா. ஆனா இதுல இருக்கிற பொண்ணோட முகத்தைத் தேய்ச்சே அழிச்சிருக்காங்க. விளிம்புலதான் பிடிக்கணும்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?”

“எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்” என்றாள் டோரீன்.

“அப்புறம் ஏன் இப்படி? வரச்சொல்லுங்க அவரை. நாலு வார்த்தை கேக்கணும்.”

காரிலிருந்த கணவரை டோரீன் கைபிடித்து அழைத்து வந்தாள். அவர் வெள்ளைக் கோலால் படியைத் தட்டிப் பார்த்து ஏறினார்.

“தப்புதான் லைல். கண்ணு போனப்புறம் விரலாலதான் பாக்குறேன். இப்ப விரலுக்கும் அவ முகம் தெரியல.”

லைல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். யார் விரலும் படாத டாலர் ஒன்றை உறையிலிருந்து எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“நல்லா பாருங்க.”