காற்று போகும் பக்கம்

மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. உறவினர் அறுபது பேர் சுற்றி அமரப்போகும் நெருப்புக்காக, கொழுந்தன் இடுப்புயரத்துக்கு விறகு அடுக்கி முடித்திருக்கிறான். அவனுடைய அண்ணி சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிட்டு, நான்காவது வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கிறாள். "நெருப்பு மூட்டப் போறோமா, அணைக்கப் போறோமா அண்ணி?" அவள் ஒரு பிடி மாவை உயரே தூவுகிறாள். அந்த வெண்மை சற்றுத் தயங்கி, பிள்ளைகள் தூங்கப்போகும் துணிக்கூடாரத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. "இங்க வேண்டாம்ப்பா. அந்தக் கோடிக்கு மாத்திடலாம்." ஒரு மணி நேர உழைப்பு அது. பயந்தாங்கொள்ளி என்று நினைப்பானோ என்ற கூச்சத்தில் அவன் முகத்தைப் பார்க்காமலே நிற்கிறாள். பிறகு கட்டையோடு கட்டை உரசும் ஒலி கேட்கிறது. "இது கனமா இருக்கு. அந்த முனையப் பிடிங்க அண்ணி."