இரண்டு வாக்கு

“அங்கிள், றொய்சனைப் பிளேனிலை ஏத்திறதுக்கோ நீங்கள் வாக்குப் போடப்போறியள்?”

மில்லிக்கன் பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில், போகிற வருகிற சனம் பார்க்கிறதே என்றுகூட எண்ணாமல் கௌசி அழுதாள். அன்புராசா அங்கிளும் அவர் மனைவி றீற்றா அன்ரியும் அவளுக்கு முன்னால் நின்றார்கள்.

அவள் அழாமல் என்ன செய்வாள்? அகதிகளுக்குக் கதவைத் திறப்பதா பூட்டுவதா என்று நாட்டையே கேட்டார்கள். நூற்றுக்கு ஐம்பத்தொரு பேர் பூட்டு என்றார்கள். தோற்றுப்போன பிரதமர் கதிரையை விட்டு இறங்கிவிட, அந்தக் கதிரைக்கு இப்போது அவருடைய கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் போட்டி. தெரிவு செய்வது கட்சி அங்கத்தவர்கள்.

போட்டியிடுகிற பெண்மணி, தான் வந்தால் அன்றைக்கே ஆட்களைத் திருப்பி அனுப்புவதை நிறுத்துவாராம். மற்றவரோ திருப்பி அனுப்பும் பட்டியலில் இருக்கிற ஒருவரையும் விடமாட்டாராம். கௌசியின் கணவன் றொய்சன் அந்தப் பட்டியலில் இருக்கிறான். இன்று ஞாயிறு, அவனுக்குப் பிளேன் வெள்ளிக்கிழமை.

கொடுமை என்னவென்றால், எண்பத்தாறில் அகதியாக வந்து இறங்கிய இந்த அன்புராசா அங்கிளே ‘பூட்டு’ என்றுதான் போட்டவர். போட்டதோடு நில்லாமல், பூசை முடிந்து வருகிற சனத்திடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தார். அவரையும் றீற்றா அன்ரியையும் மனம் மாற்றக் கௌசி பத்து நாளாக அவர்கள் வீட்டுப் படி ஏறி இறங்கியிருந்தாள்.

“காணும் பிள்ளை, அழாதை,” என்றார் அங்கிள் ஒருவழியாக. “அண்டைக்கு நான் செய்தது பிழைதான். இவவும் இப்ப ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லித்தான் என்னைத் தின்னுறா. நீ சொல்லுற ஆளுக்குத்தான் ரெண்டு பேரும் போடுவம். சரியே? இப்ப கியூ எவ்வளவு எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாறம்.”

கௌசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆதரவு தேடுகிறவர்கள் வாக்குச்சாவடிப் பக்கம் போகக்கூடாது என்பது சட்டம். அதனால் காலையிலிருந்து அவள் பிளாசாவின் இந்தத் தொங்கல் மூலையில், பேக்கரிக்கு முன்னால்தான் நிற்கிறாள். கையில் பெயர்ப் பட்டியல். தங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வாக்குப் போட்டுவிட்டு வந்து சொன்னால் பெயருக்கு நேரே ஒரு சரி.

விடியவே வந்து வாக்கைப் போட்டுவிட்டு, மத்தியானம் வரை அவளுக்குத் துணையாக நின்ற இரத்தினவேல் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். “பிள்ளை, எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு, போட்டு வாறன்,” என்று விடைபெற்றுக் காரை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து றொய்சன் போன் எடுத்தான். “கௌசி, அந்தப் பெரிய ஜக்கெட்டையும் சூட்கேசுக்குள்ளை வைக்கிறதே? ஊரிலை வெக்கைதானே, என்னத்துக்கு?”

“ஒண்டையும் வைக்காதையுங்கோ!” என்று கத்தினாள். “நீங்கள் ஒரு இடமும் போகப்போறேல்லை!”

போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்தால், அங்கிளும் அன்ரியும் முன்னால் நிற்கிறார்கள். அங்கிளின் விரலில் கார்த் திறப்புக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ரொபி இனிப்பைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே அன்ரி அவளுடைய கையைப் பிடித்தார். “றொய்சனுக்காக மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறன் பிள்ளை,” என்றார்.

“அப்ப நாங்கள் போட்டு வாறம் பிள்ளை,” என்றார் அங்கிள்.

உள்ளே போகுமுன் தன்னிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறார்களே என்று கௌசிக்கு மனம் உருகிப்போயிற்று. “ஓம் அங்கிள், போட்டு வாங்கோ!” என்றாள். அவர்கள் இரண்டு அடி வைக்குமுன்னே பட்டியலில் அழுத்தமாக இரண்டு சரி போட்டாள். பத்து நாள் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

நான்கு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து மணிக்குள் எல்லாத் தொகுதியும் எண்ணியாகிவிட்டது, மில்லிக்கன் மட்டும்தான் பாக்கி. ஒரு தொகுதியில் வெல்பவருக்கே அந்தத் தொகுதியின் முழுப் புள்ளியும். மில்லிக்கன் விழுகிற பக்கம்தான் கதிரை என்று பேக்கரி டீவியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முடிவு வந்தது. மற்றவருக்கு இருநூற்று மூன்று. பெண்மணிக்கு இருநூற்றிரண்டு.

கௌசி அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள். பட்டியலை முதலிலிருந்து எண்ணினாள். மொத்தம் இருநூற்று நான்கு சரி. மறுபடியும் எண்ணினாள். அதே இருநூற்று நான்குதான்.

இரண்டு வாக்கு எங்கே போயிற்று? அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கை பிடித்த கையும், மன்றாடிய வாயும்! ஐயோ, அவர்களை நம்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“நீங்களெல்லாம் மனிசரே அங்கிள்? என்ரை கண்ணீரைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டுப் போய் அவனுக்குப் போட்டிருக்கிறியளே! றொய்சன் இனி உயிரோட இருப்பாரோ எண்டுகூட எனக்குத் தெரியாது!”

“ஆருக்குப் போட்டது? என்ன பிள்ளை கதைக்கிறாய்?” அங்கிள் திகைத்துப்போனார். “கியூ ரோட்டு வரைக்கும் நிண்டது. இவவுக்குச் சுகர் இறங்கிக் கை காலெல்லாம் நடுங்கத் துவங்கீற்றுது. உனக்குத் தெரியும்தானே?”

“எனக்கு என்ன தெரியும்?”

“போட்டு வாறம் எண்டு உன்னட்டைச் சொல்லிப்போட்டுத்தானே பிள்ளை வீட்டை வந்தனாங்கள்!”